நாலு என்றால் எதிர்ப்பு

பதினான்காம் கேள்வியை மட்டும் பதினேழு மூச்சு விடாமல் வாசித்து முடித்துவிடுவாள்.

பதினேழு என்பது ஓர் ஆள். முப்பத்தெட்டு வயதுப் பெண். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தக் கருத்துக்கணிப்பு அலுவலகத்தில் அது வருகைப் பதிவேட்டோடு சரி. நாற்பது நாற்காலி, நாற்பது ஹெட்போன்; யார் எந்த நாற்காலியோ அந்த எண்தான் பெயர். "பதினேழு, டீ குடிக்க வர்றியா?" என்றால் சட்டென்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு எட்டு வருஷத்தில் பழகிப் போயிருந்தது.

வேலை என்னவோ சுலபம்தான். இயந்திரம் தானாக ஏதோ ஓர் எண்ணை அழைக்கும். எடுத்தவருக்கு வணக்கம் சொல்லி, கேள்வித்தாளில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் வாசித்து, அவர் சொல்லும் பதிலுக்கு உரிய எண்ணைத் திரையில் ஒரு கட்டத்தில் தட்ட வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை கூடாது. "அப்படியா", "அட பாவமே" எதுவும் கூடாது. கேள்வி புரியவில்லை என்றால், "உங்களுக்கு எப்படிப் புரியுதோ அப்படியே எடுத்துக்குங்க" என்று சொல்லலாம். அதையும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கண்காணிக்க மேற்பார்வையாளர் அம்மா ஒருவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, நினைத்த இணைப்பில் புகுந்து ஒட்டுக் கேட்பார். அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் காதம்மா. அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

இந்த முறை பெரிய இடத்து விஷயம். எல்லைச் சண்டை, நாடுகளின் ராணுவக் கூட்டணி, எல்லை தாண்டி நடக்கிற குற்றம், இதைப் பற்றியெல்லாம் சாதாரண ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள மேலே யாருக்கோ ஆசை வந்திருந்தது. மூன்று வாரக் கணிப்பு, இருபத்திரண்டு கேள்வி. அதில் பதினான்காவது இது: "எல்லைக்கு அப்பால் செயல்படும் தொலைபேசி மோசடி முகாம்கள் மீது நமது ராணுவம் கூட்டணி நாடுகளுடன் சேர்ந்து தாக்குதல் நடத்துவதை நீங்கள் முழுமையாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா, ஓரளவு எதிர்க்கிறீர்களா, முழுமையாக எதிர்க்கிறீர்களா?" முழு ஆதரவு என்றால் ஒன்று. முழு எதிர்ப்பு என்றால் நாலு. கருத்து இல்லை என்பவருக்கு எட்டு.

ஜனங்களுக்கா கருத்து இல்லை? கேட்க ஆள் இல்லாமல்தான் தவித்துக்கொண்டிருந்தார்கள். முடிதிருத்துபவர் ஒருவர் கத்தரியைக் கீழே வைக்காமலே போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கடை முழுக்கக் கேட்டார். "குண்டு போடலாமான்னு கேக்கறாங்கப்பா, என்ன சொல்றீங்க?" பிறகு இவளிடம், "மூணு பேர் போடுங்கறாங்க. நாலாவது ஆள் ஷேவிங்ல இருக்கார், வாய் திறக்க முடியாது. அவரையும் போடுங்கன்னே வெச்சுக்குங்க" என்றார். குழாய் பழுது பார்ப்பவர் ஒருவர், "எதிர்க்கிறேன்மா. எந்த ஊர்ல குண்டு விழுந்தாலும் முதல்ல உடையறது தண்ணிக் குழாய்தான்" என்றார். இன்னொருவருக்குக் கூட்டணியில் இருப்பது யார் யார் என்றே தெரியவில்லை. ஆனாலும் அவர்களை நம்ப முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் மட்டும் கேள்வியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: "அந்தக் கூட்டம் என்னையும் ஏமாத்திருச்சும்மா. பாங்க்ல இருந்து பேசறேன்னான் ஒரு பையன். அவ்வளவு தன்மையா பேசினான். சாப்பிட்டீங்களாம்மான்னு கேட்டான். என் பிள்ளைங்களே என்னை அப்படிக் கேட்டது கிடையாது. அதுலதான் விழுந்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "போடட்டும். ஒண்ணு விடாம போடட்டும்."

பதினேழு ஒன்றைத் தட்டினாள். எதிராளி யாரென்று பாராமல் முதல் வார்த்தையாகச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற ஒருத்தனை அவளுக்குத் தெரியும். அவள் தம்பி.

அவளுக்குப் பதினாலு வயது இளையவன். வீட்டில் சின்னவன். அம்மா போன பிறகு இவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். ஐந்து மாதத்துக்கு முன்னால், பக்கத்து நாட்டில் கடலோர ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு வேலை என்று ஏஜென்ட் ஒருவன் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. நாலு நிமிஷம்.

"அக்கா, சாப்பிட்டியா? சரி, கேளு. இது ஹோட்டல் இல்ல. மோசடி முகாம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிட்டாங்க. பேப்பர்ல எழுதிக் குடுக்கறாங்க, அதைப் போன்ல படிக்கணும். ஒரு நாளைக்கு இத்தனை பேரை விழ வைக்கணும்னு கணக்கு. இல்லன்னா அடி. இடம் பேரு தெரியல. நீலக் கூரை. பக்கத்துல தண்ணித் தொட்டி, அதுல பெரிய சேவல் படம் வரைஞ்சிருக்கு. யார்கிட்டயாவது சொல்லுக்கா. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத."

அத்தோடு சரி. அந்த எண்ணில் பிறகு யாரும் எடுக்கவே இல்லை.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? மனிதருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை ஆகி ஒரு வருஷம் கூட ஆகவில்லை. அவள் ஒரு காரியம் செய்தாள். தம்பி சிம்மோடு வீட்டிலேயே விட்டுப் போயிருந்த பழைய போனைச் சார்ஜ் போட்டு எடுத்து, தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அவன் பெயரில் அப்பாவுக்குத் தினமும் செய்தி அனுப்பினாள். 'வேலை நேரத்தில் பேசக் கூடாதாம்பா, எழுதினால் போதும். சாப்பிட்டீங்களா?' அப்பா அதைப் படித்துவிட்டு, சாயங்காலம் அவளிடமே கொண்டுவந்து காட்டுவார். "பாத்தியா? எவ்வளவு வேலை இருந்தாலும் மறக்க மாட்டான். நீயும்தான் இருக்கியே, ஒரு நாள் ஆபீஸ்லேருந்து ஒரு மெசேஜ் உண்டா?" அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். பழியும் வாங்கிக்கொண்டு பொய்யும் சொல்கிற பிழைப்பு யாருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முப்பது வருஷம் மேலேயிருந்து கீழே பார்த்தே பழகியவருக்கு, டிவியில் வருகிற வரைபடம் ரொம்பப் பிடிக்கும். அம்புக்குறி நகர நகர இவரும் நாற்காலியில் நகர்வார். எந்த நாட்டிடம் எத்தனை கப்பல், யார் யாரோடு ஒப்பந்தம், எல்லாம் விரல் நுனியில். "இந்த முகாமுங்களை ஒரே நாள்ல முடிச்சிடலாம். தைரியம்தான் இல்ல. நீ என்ன சொல்ற?"

"எட்டுப்பா."

"அதென்ன எட்டு?"

"கருத்து இல்லைன்னு அர்த்தம்."

"உன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு" என்று அலுத்துக்கொண்டு, அவர் தன் போனை எடுத்தார். அடுத்த அறையில் சாப்பாட்டுப் பைக்குள் தம்பியின் போன் அதிர்ந்தது. 'நான் குண்டு போடணும்கறேன். உன் அக்காவுக்கு உலக விவரம் பத்தாது. நீ சொல்.'

அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தம்பியாகப் பதில் எழுதினாள். 'வேண்டாம்பா. ஏமாந்து மாட்டிக்கிட்ட நம்ம ஊர்ப் பசங்களும் உள்ளே இருப்பாங்க.'

பதில் உடனே வந்தது. 'அவன் ஏமாந்தானா, ஏமாத்தப் போனானா, யார் கண்டா? திருடனோட சேர்ந்தவனும் திருடன்தான். என் பிள்ளையா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.'

கதவுக்கு வெளியே அவர் கனைத்துக்கொள்வது கேட்டது. அவள் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

இரண்டாம் வாரத் திங்கட்கிழமை காலை அரை நாள் லீவு சொல்லிவிட்டு வெளியுறவு அலுவலகத்துக்குப் போனாள். அது மூன்றாவது தடவை. நீலக் கூரை, சேவல் படம் என்று எழுதிக் கொடுத்த மனு அதிகாரியின் மேஜையில் மற்ற மனுக்களுக்கு அடியில் இருந்தது. அதிகாரி கெட்டவரில்லை. அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"இந்த மாதிரி முந்நூறு மனு இருக்கும்மா. பேச்சுவார்த்தை மூலமா மீட்கலாம்னு ஒரு பக்கம் சொல்றாங்க. தாக்கலாம்னு கூட்டணிக்காரங்க சொல்றாங்க."

"தாக்கினா உள்ள இருக்கறவங்க சார்?"

அவர் பேனாவை மூடினார். "ஜனங்க மனசு எப்படி இருக்குன்னு பார்த்துட்டுத்தான் மேல முடிவு எடுப்பாங்களாம். ஏதோ சர்வே ஓடிட்டு இருக்காம். ஜனங்க வேணாம்னா, பேச்சுவார்த்தைதான். கடவுளை வேண்டிக்குங்க."

அவள் வேண்டிக்கொள்ளவில்லை. பஸ் பிடித்து நேராக அலுவலகத்துக்கு வந்தாள். அட, கடவுள் கையிலா இருக்கிறது? என் கையில் அல்லவா இருக்கிறது! நாற்காலியில் உட்கார்ந்து, திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பிய்த்தாள். டீ நேரத்தை மாற்றும்போதெல்லாம் இப்படித்தான் ஒன்று ஒட்டுவார்கள். அதை மடித்து ஹெட்போன் ஸ்டாண்டுக்கு அடியில் செருகினாள், ஸ்டாண்டு ஆடிக்கொண்டிருந்தது.

முதல் அழைப்பில் ஒரு லாரி ஓட்டுநர். "முழுசா ஆதரிக்கிறேன்மா. பொடிப் பொடியாக்கணும்." அவள் "நன்றி சார்" என்று சொல்லி, பதினான்காம் கட்டத்தில் நாலைத் தட்டினாள்.

ஒன்றும் ஆகவில்லை. இடி விழவில்லை. காதம்மா கண்ணாடிக்குள் கொட்டாவி விட்டார். அவர் கேட்பது காதால்தானே, விரல் என்ன செய்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு மூன்றில் ஒன்றை மாற்றினாள். மறுநாள் பாதி. புதன்கிழமைக்குப் பிறகு பயம் விட்டுப் போயிற்று. பத்துக்கு ஒன்பது நாலு. எல்லாமே நாலாக இருந்தால் சந்தேகம் வரும் என்று பத்தில் ஒன்றை மட்டும் ஒன்றாக விட்டுவைத்தாள். எட்டு வருஷத்தில் ஒரு பதிலைக் கூட மாற்றாதவள் அவள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டவர்களைக் கூட எழுதி வைத்தவள். இப்போது ஆளுக்கு ஆள் பொய் எழுதினாள், நாலு நாலாக எழுதினாள், ஒவ்வொரு நாலுக்கும் தம்பி இருக்கிற அந்தக் கூரைமேல் ஒரு கையை வைத்து மறைக்கிற மாதிரி இருந்தது. வீட்டில் அப்பா கத்தும்போது கூட இப்போது கோபம் வரவில்லை. கத்துங்கள் அப்பா, உங்களையும் நாலாக்கிவிடுவேன் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஒருத்தி தானாகவே நாலு கொடுத்தாள். "என் வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல்றேங்க" என்று ஆரம்பித்தவள், பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்ல, அவரைக் கேக்க வேணாம். வேணாம்னு போட்டுக்குங்க. முழுசா வேணாம். யாரோ பெத்த பிள்ளைங்கதானே?" என்றாள். பதினேழு விதியை மீறி, "ரொம்ப நன்றிம்மா" என்று இரண்டு தடவை சொன்னாள். காதம்மா கண்ணாடிக்குள்ளிருந்து விரலை ஆட்டினார்.

மூன்றாம் வாரப் புதன்கிழமை சாயங்காலம் கணிப்பு முடிந்தது. அன்றைக்கு ராத்திரிதான் பல நாளைக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு கேன்டீன் டிவி முன்னால் கூட்டம். பக்கத்து நாற்காலி பதினாறு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "வா, வா, ஆரம்பிச்சுட்டாங்க! விடியக்காலைல நாப்பது விமானமாம்! கூட்டணி மொத்தமும் இறங்கிருச்சு!"

மேலேயிருந்து எடுத்த படம். புகை. கீழே தகரத் துண்டுகள், கருகிப்போன நீலம். கேமரா நகர்ந்தது. ஒரு தண்ணீர்த் தொட்டி ஒருக்களித்து விழுந்து கிடந்தது. அதன் மேல், கொண்டையும் வாலுமாக, ஒரு சேவல்.

யாரோ கைதட்டினார்கள். "எங்க சித்தப்பாவை ஏமாத்தினவனுங்க, நாசமாப் போகட்டும்" என்றாள் பதினாறு. பிறகு, "ஏய், என்ன ஆச்சு உனக்கு? உக்காரு, தண்ணி குடி" என்றாள்.

தப்பித்தவர் யாரும் இல்லை என்று செய்தி வாசிப்பவர் சொன்னார். அதை வெற்றியாகச் சொன்னார்.

மத்தியானம் காதம்மா அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள். அதுவும் ஒரு பொருட்டாக இல்லை. மேஜையில் ஒரு பட்டியல் விரிந்திருந்தது, நாற்பது நாற்காலிக்கும் வரிசையாக.

"பதினேழு, உக்காரு. ரிசல்ட் வெளியாகிருச்சு. நூத்துக்கு எழுபத்தொண்ணு பேர் தாக்குதலுக்கு ஆதரவு. அதுல கடைசி வாரத்துக்கு உன் சீட்டைப் பாரு." காதம்மா பேனாவால் தட்டினார். "தொண்ணூறு! மத்த சீட்டெல்லாம் எழுபது, எழுபத்திரண்டு. உனக்கு மட்டும் தொண்ணூறு. கூட்டணி ஆபீஸ்லேருந்து சந்தேகப்பட்டுக் கேட்டாங்க. எட்டு வருஷமா இருக்கற பொண்ணு, செத்தாலும் பொய் எழுத மாட்டான்னு சொல்லிட்டேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நாலு... நாலு எதிர்ப்புதானேம்மா?"

"அது முதல் வாரம். ரெண்டாவது வாரம் திங்கட்கிழமை காலைல சொன்னேனே? ஓ, நீ லீவுல இருந்த. கூட்டணி நாடுங்க எல்லாத்துலயும் ஒரே எண் இருக்கணும்னு மாத்திட்டாங்க. ஒண்ணு எதிர்ப்பு, நாலு ஆதரவு. அதான் எல்லார் திரையிலயும் மஞ்சச் சீட்டு ஒட்டினேனே, பார்க்கல?" அவள் முகத்தைப் பார்த்துக் காதம்மா நிறுத்தினார். "என்னடி? மாத்தித் தட்டிட்டியா?"

காதம்மா எழுந்து கதவைச் சாத்தினார். குரல் தணிந்தது.

"விடு. வெளியில மூச்சு விடாத. எனக்கும் வேலை போயிரும். ஒண்ணு சொல்றேன் கேளு. ரிசல்ட் நேத்து சாயங்காலம்தான் போச்சு. நாப்பது விமானம் ஒரே ராத்திரியில கிளம்புமா? எல்லாம் போன மாசமே முடிவு பண்ணதாத்தான் இருக்கும். நம்மகிட்ட கேக்கறது டிவியில போடறதுக்கு. உன் சீட்டுல எல்லாரும் வேணாம்னே சொல்லியிருந்தாலும் ஒரு மயிரும் மாறியிருக்காது. போ, முகம் கழுவிட்டு வா. அடுத்த கேள்வித்தாள் வந்திருக்கு."

ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். அவள் நாற்காலிக்குத் திரும்பி, ஹெட்போன் ஸ்டாண்டைத் தூக்கி, மடித்த மஞ்சள் சீட்டைப் பிரித்தாள். காதம்மாவின் அழகான கையெழுத்து. கே. 14: 4 = முழு ஆதரவு. கவனம்! கவனம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு. லாரி ஓட்டுநர் சரியாகப் பதிவாகியிருந்தார். யாரோ பெற்ற பிள்ளைகள் என்று குசுகுசுத்தவளும் குண்டு போடச் சொன்னவளாகப் பதிவாகியிருந்தாள். தம்பியின் கூரைமேல் அவள் வைத்தது கையில்லை.

புதிய கேள்வித்தாள் மேஜையில் இருந்தது. முதல் கேள்வி: "இந்த நடவடிக்கையின்போது, முகாம்களில் இருந்த நமது நாட்டவர் சிலரும் உயிரிழந்திருக்கக்கூடும். இதை நீங்கள் முழுமையாக ஏற்கிறீர்களா, ஓரளவு ஏற்கிறீர்களா..." அவள் மீதியைப் படிக்கவில்லை.

காலடியில் சாப்பாட்டுப் பை அதிர்ந்தது. ஒருமுறை. மறுபடியும் ஒருமுறை. எடுத்துப் பார்த்தாள். அப்பா, சின்னவனுக்கு.

'டிவி பார்த்தியா? நான் சொன்னது நடந்துவிட்டது.'

'நூத்துக்கு எழுபத்தொரு பேர் உன் அப்பன் பக்கம். வேண்டாம் வேண்டாம் என்றாயே. இப்போது என்ன சொல்கிறாய்?'

எழுதிவிடலாம். இப்போதே, ஒரே வரியில், உங்கள் பிள்ளை அங்கேதான் இருந்தான் என்று எழுதிவிடலாம். விரல் எழுத்தின்மேல் போயிற்று. அறுவை சிகிச்சைத் தழும்பின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பதிலுக்காகப் போனையே பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இருக்கிற ஒருத்தரையும் இந்தக் கையாலேயே அனுப்ப வேண்டுமா? கண்ணாடிக்குள் காதம்மா, ஆகட்டும் என்று சைகை காட்டினார். இயந்திரம் அடுத்த எண்ணை அழைக்க ஆரம்பித்தது.

'நீங்கள் சொன்னதுதான் சரிப்பா' என்று தம்பி எழுதினான்.

ஹெட்போனில் எங்கோ ஒரு வீட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது. யாரும் எடுப்பதற்கு முன்னால் அப்பாவின் பதில் வந்துவிட்டது.

'அதுதான் என் பிள்ளை. சாப்பிட்டாயா?'

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டினாள்.

'சாப்பிட்டேன்பா.'